மாலைதீவில் நம் பிள்ளை



சில மாதங்களாக இப்பகுதிக்கு வரும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. "மகளுக்கு மாலைதீவில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா மௌலவி?" கேட்கும் உம்மாமார் எதிர்பார்ப்பது கூடும், கூடாது என்ற ஒற்றைச் சொல்லை. அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னர், போகிற பிள்ளை அங்கே எழும்புவது எப்படி, உண்பது என்ன, யாரோடு கதைக்கிறாள், எதற்காக அழுகிறாள் என்பதையெல்லாம் அறிந்துகொள்ள வேண்டாமா? என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று அங்கே ஆங்கிலம் படிப்பிக்கிறார்கள். முன்னர் என்றால் கடிதம் வரும். இப்போது இரவு பத்து மணிக்குக் குரல் செய்தி வருகிறது. மார்க்கத் தீர்ப்புக் கேட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். முடியும்போது அது வாழ்க்கைக் கதையாகிவிடும்.

மாலைதீவு நமக்கு அந்நியமான இடமல்ல. சம்பலுக்கு நாம் இடிக்கும் மாசி அந்தக் கடலிலிருந்து வந்ததுதான். பிள்ளைகளைப் படிப்பிக்கவும் வைத்தியம் பார்க்கவும் கொழும்பிலும் தெஹிவளையிலும் வீடெடுத்துத் தங்கும் மாலைதீவுக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். 1960களின் தொடக்கத்தில் மாலே நகரத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் போதனாமொழியாக வந்தபோது, அங்கே படிப்பிக்கப் போனவர்களில் நம் நாட்டவர் இருந்தார்கள். பிறகு கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் வந்து சேர்ந்தனர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதும், அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கம் அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு ஆசிரியைகள் பலரின் கண் கடல் கடந்து போனதில் ஆச்சரியம் இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் வரும் நேரத்தில் போய் வந்துவிடலாம் என்று சொல்வார்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மைதான். ஏனென்றால் விமானம் இறங்குவது மாலேக்குப் பக்கத்தில். அந்நாட்டில் சுமார் 1,190 தீவுகள் இருக்கின்றன. மக்கள் வாழ்வது அவற்றில் இருநூறுக்கும் குறைவான தீவுகளில். பிள்ளைக்கு நியமனம் கிடைப்பது வடக்கேயோ தெற்கேயோ ஏதோ ஒரு சிறு தீவில் என்றால், மாலேயிலிருந்து இன்னொரு விமானமோ வேகப் படகோ பிடிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. ஊரில் ஒரு மௌத்து என்றால், ஒன்றரை மணித்தியால தூரம் இரண்டு நாளாகிவிடும். அனுப்புவதற்கு முன்னர் தீவின் பெயரைக் கேட்டு, வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதைச் செய்யாத குடும்பங்களே அதிகம்.

அந்தத் தீவுகளில் பல, அஸர் தொழுதுவிட்டு நடக்கத் தொடங்கினால் மஃரிபுக்கு முன்னர் சுற்றி வந்துவிடக்கூடிய அளவு. வீடுகளுக்கு இலக்கம் இல்லை, பெயர்தான் உண்டு. கிணற்று நீர் உவர். தலை குளித்தால் முடி கயிறாகிவிடுகிறது என்பது எல்லாப் பிள்ளைகளின் முறைப்பாடும். குடிப்பதற்கு மழைநீரைத் தாங்கிகளில் பிடித்து வைப்பார்கள். இப்போது கடல்நீரைச் சுத்திகரித்தும் கொடுக்கிறார்கள். மரக்கறி படகில் வருகிறது. படகு வந்த அன்று கரட், கோவா. வராத கிழமையில் பருப்பும் ரின்மீனும். உண்பதில் ஹராம் ஹலால் பயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். உல்லாசப் பயணிகளின் தீவுகளைத் தவிர வேறெங்கும் பன்றியும் மதுவும் அனுமதியில்லை. காலையில் ரொட்டியோடு மஸ்ஹுனி. மீனையும் தேங்காய்ப்பூவையும் வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப்புளி விட்டுப் பிசைவது. நம் வீட்டுச் சம்பலின் தங்கச்சி என்றே சொல்லலாம். பகலில் கருதியா என்ற தெளிந்த மீன் ரசம். முதல் மாதம் ருசி. மூன்றாம் மாதம் மாட்டிறைச்சிக் கறி கனவில் வருகிறதாம்.

பாடசாலை ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளியும் சனியும் விடுமுறை. சுபஹ் தொழுத கையோடு புறப்பட வேண்டும். திவேஹி மொழி, இஸ்லாம், குர்ஆன் தவிர மற்றப் பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். சாதாரண தர மட்டத்தில் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் பரீட்சை. ஆகவே ஆங்கில ஆசிரியை சரியாகப் படிப்பிக்காவிட்டால் விஞ்ஞானமும் கணிதமும் சேர்ந்தே விழும். அந்தப் பாரம் இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் தோளில்.

அவர்களுடைய எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பிடித்த விடயம் அது. திவேஹியைத் தானா என்னும் எழுத்தில், அரபியைப் போல் வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். அதன் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு இலக்கங்களிலிருந்து பிறந்தவை. அடுத்த ஒன்பதும் அவர்களது பழைய நாட்டு இலக்கங்களிலிருந்து வந்தவை. உயிர்க்குறிகள் நம் பத்ஹு, கஸ்ரு, ழம்முவின் சாயலில் மேலும் கீழும் நிற்கும். இலக்கங்களைக் கொண்டு ஒரு மொழிக்கு எழுத்துச் செய்த மக்கள் உலகில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே ஆங்கில ஆசிரியைக்கு முன்னால் இருக்கும் பிள்ளை ஒரு கொப்பியை வலப்பக்கமாகவும் மறு கொப்பியை இடப்பக்கமாகவும் திறந்து பழகிய பிள்ளை. ஓதல் பள்ளியில் அலிஃப் பா படித்துவிட்டுப் பாடசாலையில் அ, ஆ எழுதிய நம் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் விளங்கும்.

மொழியோ சிங்களத்துக்குத் தங்கை முறை. ஹதர, பஹ, ஹய என்று நாம் சிங்களத்தில் எண்ணுவதை அவர்கள் ஹதரெ, ஃபஹெ, ஹயெ என்கிறார்கள். பகரம் வரும் இடத்தில் பெரும்பாலும் ஃபகரம். மஸ் என்றால் சிங்களத்தில் இறைச்சி, அங்கே மீன். இதனால் ஒரு பிள்ளை கடையில் போய் மஸ் கேட்டு மீனோடு திரும்பி வந்த கதை உண்டு. சிங்களம் தெரிந்த பிள்ளை ஆறு மாதத்தில் சந்தைப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறாள். தமிழ் மட்டும் தெரிந்தவளுக்கு அதிக காலம் எடுக்கிறது. போவதென்று முடிவானால் சிங்களத்தைக் கொஞ்சம் தூசி தட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வகுப்பில் ஆங்கிலம் போதும். பக்கத்து வீட்டு உம்மாவோடு கதைக்க ஆங்கிலம் போதாது.

அந்தக் கதைதான் உயிர். பாடசாலை விட்டு வந்து, சமைத்து, கொப்பி திருத்தி முடித்தால் அஸர். அந்நேரத்தில் பெண்கள் வாசலுக்கு வந்து ஜோலி எனப்படும் வலைக் கதிரைகளிலும் ஊஞ்சல்களிலும் உட்கார்ந்து கதைப்பார்கள். புதிதாக வந்த ஆசிரியை அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு தொலைபேசியோடு இருந்துவிட்டால் அவளை யாரும் தட்டி அழைக்க மாட்டார்கள். அகங்காரம் என்று எண்ணமாட்டார்கள், வெட்கம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இரண்டு மாதத்தில் அவளுக்கு மனம் ஒடிந்துவிடும். முஸ்லிம் நாடுதானே, பாங்கு கேட்கிறதே, ஏன் இவ்வளவு தனிமை என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். பாங்கு ஒன்றுதான், ஆனால் பாங்குக்குப் பின் யாரோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பது என்பதில் ஊர் வித்தியாசம் வந்துவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஆசிரியராக அனுப்பிய முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களும் இளவயதினர்தான். செல்வ வீட்டில் வளர்ந்தவர். தம் தாயின் கோபத்துக்கு ஆளாகி ஏற்கனவே வீட்டை இழந்தவர். மதீனாவில் அவர் தனி அறை தேடவில்லை. அஸ்அத் இப்னு ஸுராரா (ரழி) அவர்களின் வீட்டில் தங்கி, அந்த வீட்டு மனிதரோடு தோட்டம் தோட்டமாகப் போய்க் குர்ஆனைக் கற்றுக் கொடுத்தார். படிப்பிக்கப் போகிறவர் ஊரோடு கலந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இனி, பலருக்குக் கசக்கக்கூடிய ஒரு விடயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பிள்ளைகளிடம் அங்குள்ள மாணவிகள் கேட்கும் முதல் கேள்வி, "மிஸ், நீங்கள் ஏன் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை?" என்பதாம். அங்கே பெண் வீட்டாரிடம் வீடு கேட்கும் வழக்கம் இல்லை. மாப்பிள்ளை மஹர் கொடுத்து மணம் முடிக்கிறார். இப்னு பதூதா 1343இல் அங்கே போய்க் காழியாராகவும் இருந்தார். மஹர் குறைவாக இருப்பதால் அந்தத் தீவுகளில் மணம் முடிப்பது இலகு என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அங்கே பிடிக்காதவையும் இருந்தன. பெண்களை ஒழுங்காக உடுத்தச் சொல்லிப் பார்த்து முடியாமல் போனதாகவும் எழுதியிருக்கிறார், அது வேறு கதை. இலகுவாக முடிக்கும் மணம் இலகுவாக முறிந்தும் விடுகிறது என்பதை நாம் மறைக்கக் கூடாது. மணமுறிவு மிக அதிகமான நாடுகளில் ஒன்றென்று அந்நாடு பெயரெடுத்திருக்கிறது. வாப்பா ஒரு வீட்டில், உம்மா வேறொரு வீட்டில், தான் பாட்டியோடு என்று இருக்கும் பிள்ளைகள் வகுப்பில் உண்டு. அந்தப் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பியைத் திருத்தும்போது பேனை ஓடுவதில்லை என்றாள் ஒருத்தி.

ஆனால் அந்தக் கேள்விக்கு நம் பிள்ளை என்ன பதில் சொல்வாள்? சிரித்து மழுப்புகிறாள். உண்மையான பதில் இதுதான்: அவள் மாதா மாதம் அனுப்பும் பணத்தில் ஊரில் அவளுடைய சீதன வீட்டுக்குச் சுவர் எழும்புகிறது. அத்திவாரத்துக்கு ஒரு வருடச் சம்பளம். கூரைக்கு இன்னொரு வருடம். ஓடு விலை ஏறினால் ஒப்பந்தத்தை மேலும் ஒரு வருடம் நீட்டு. நிலத்துக்கு மாபிள் பதிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு சொல் சொன்னால் இன்னும் ஆறு மாதம். இருபத்து நான்கில் போன பிள்ளைக்கு முப்பது வந்துவிடுகிறது. வந்த பிறகு அதே மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "வெளிநாட்டில் தனியாக இருந்த பிள்ளை, வயதும் போய்விட்டது" என்கிறார்கள்.

சகோதரியே, உங்களுக்கு மகன் இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். மனைவிக்கு இருப்பிடம் கொடுப்பது கணவனின் கடமை. உணவும் உடையும் எப்படி அவன் மீது கடமையோ அப்படியே வீடும். நான்கு மத்ஹபுகளின் கிதாபுகளிலும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கே சொந்தம். அவள் மனம் விரும்பிக் கொடுப்பது தர்மம், நிர்ப்பந்தத்தில் கொடுப்பது பறிப்பு. கைக்கூலி கூடாது என்று மிம்பரில் சொன்னால் எல்லோரும் தலையசைக்கிறார்கள். வீட்டைப் பற்றிச் சொன்னால் மட்டும், "அது எங்கள் ஊர் வழக்கம், மகளுக்கு நாங்கள் ஆசையாய்க் கொடுப்பது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆசையாய்க் கொடுக்கிற வாப்பாவின் பணத்தில் அந்த வீடு எழும்பினால் நான் வாய் திறக்க மாட்டேன். கட்டப்படுவது மகளின் தொண்டைத் தண்ணீரில். உவர் நீரில் தலை குளித்து, பருப்பும் மீனும் தின்று, நாளுக்கு ஆறு பாடவேளை கத்திப் படிப்பித்த காசு அது. மாலைதீவுக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்ட உம்மாமாரில் ஒருவராவது, வீடில்லாமல் மகளை முடிக்கச் சம்மதிக்கும் குடும்பத்தைத் தேடலாமா என்று கேட்கவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் இதற்காகத்தான் போகிறார்கள் என்று சொல்லவில்லை. படிப்பிக்கும் ஆசையில் போனவர்கள் உண்டு. கணவரும் அங்கேயே படிப்பிக்க, குடும்பமாக வாழ்பவர்களும் உண்டு. அவர்களுடைய குரல் செய்தியில் தொனியே வேறு.

கூடுமா கூடாதா என்ற கேள்விக்கு வருவோம். பெண் மஹ்ரம் இன்றிப் பயணம் செய்வதைத் தடுக்கும் ஹதீஸ்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் ஆதாரபூர்வமாக வந்துள்ளன. ஷாபிஈ மத்ஹபில் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களோடு போவதற்கு அனுமதி உண்டு. வழி பாதுகாப்பாக இருக்கும் இக்காலத்தில் அந்த அனுமதியை வேறு தேவையான பயணங்களுக்கும் விரித்துச் சொன்ன அறிஞர்கள் இருக்கிறார்கள். ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், கணவரோடு போவது சிறந்தது. இல்லாவிட்டால் வாப்பாவோ நானாவோ தம்பியோ கூடப் போய், தங்கும் வீட்டைக் கண்ணால் பார்த்து, அந்த வீட்டுப் பெண்களோடு கதைத்து, பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வரட்டும். ஒரு விமானச் சீட்டுக் காசுதான் செலவு. கூடவே இன்னொரு ஆசிரியை அதே தீவில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் வழியில்லாமல், முகம் தெரியாத முகவரின் பேச்சை நம்பி அனுப்புவதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகள் கேட்ட இரண்டு மஸ்அலாக்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருப்பதால் தொழுகையைச் சுருக்கலாமா என்று கேட்டார்கள். போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்குவதாக நிய்யத் வைத்துவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் பயணச் சலுகை முடிந்துவிடும். வருடக் கணக்கில் ஒப்பந்தம் எழுதியவள் முழுமையாகவே தொழ வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும் வழியில் மாலேயில் ஓரிரவு தங்கும்போது சுருக்கலாம். அடுத்தது நோன்பு. அங்கே ஒரு நாள் முந்தியோ பிந்தியோ றமழான் பிறந்து, நடுவில் ஊருக்கு வந்தால் வந்த ஊரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அவளுக்கு முப்பது முடிந்திருந்தாலும் ஊரார் நோன்பாக இருந்தால் அவளும் பிடிப்பாள். ஊரில் பெருநாளாகி அவளுக்கு இருபத்தெட்டுத்தான் ஆகியிருந்தால், பெருநாளைக் கொண்டாடிவிட்டு ஒன்றைக் கழாச் செய்வாள்.

ஒப்பந்தத்தைப் பற்றி உலகக் காரியமாக ஒரு சொல். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏற வேண்டாம். சம்பளம் ருஃபியாவிலா டொலரிலா என்று எழுத்தில் கேளுங்கள். ருஃபியாவில் என்றால், அதை டொலராக்கி அனுப்புவது அங்கே சிரமம். வங்கி விலைக்கு டொலர் கிடைப்பது அரிது, வெளியே வாங்கினால் விலை கூட. தரகர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டும் தொகை வீட்டுக்கு வந்து சேரும்போது மெலிந்திருக்கும். தங்குமிட வாடகை யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். மாலே தீவு இரண்டு சதுர கிலோமீற்றர் அளவுதான். அங்கே ஓர் அறையின் வாடகை சம்பளத்தைக் கடித்துத் தின்றுவிடும். விடுமுறைக்கு வந்து போகும் பயணச் சீட்டு வருடத்துக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கனவே மகளை அனுப்பிவிட்ட உம்மாமாருக்கு: நீங்கள் அழைப்பெடுத்ததும் மேசன் வந்தானா, சீமெந்து விலை என்ன என்று ஆரம்பிக்காதீர்கள். இன்று வகுப்பில் என்ன படிப்பித்தாய் என்று கேளுங்கள். விளங்காவிட்டாலும் கேளுங்கள். அங்கே நம்மைவிட அரை மணித்தியாலம் பிந்திய நேரம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அந்தத் தீவுப் பக்கம் போனால் பார்சல் ஒன்று கட்டிக் கொடுத்துவிடுங்கள். மாசி வேண்டாம், அது அங்கே கொட்டிக் கிடக்கிறது. வறுத்த கறித்தூள், கொரக்காய்ப்புளி, வெந்தயம், தலைக்கு நல்ல எண்ணெய் ஒரு போத்தல், நீங்கள் கையால் செய்த தொதல் கொஞ்சம். தொதலைக் கூட வையுங்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அவள் பங்கிட வேண்டியிருக்கும்.